ஒரு மேஜையைச் சுற்றி
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "இருபது நிமிஷம் பேசணும், உங்க ஃபீல்டுல இருந்து ஏதாவது சொல்லுங்க" என்றார். என் ஃபீல்டு பம்பு. பம்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் மெக்கானிக்கல்காரர்களைத் தவிர மற்றவர்கள் டிபன் வரிசைக்கு எழுந்து போய்விடுவார்கள். அதனால், தொழிலில் கற்றுக்கொள்ளாமல் தகப்பனாகக் கற்றுக்கொண்ட ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன்.

பள்ளியில் ஒரு பிள்ளைக்குச் சிக்கல் வந்தால் உளவியலாளர், ஆசிரியர், பெற்றோர் மூவரும் சமமாக உட்கார்ந்து அதைத் தீர்க்கப் பார்க்கும் முறை ஒன்று இருக்கிறது. 'கொலாபரேட்டிவ் கன்சல்டேஷன்' என்பார்கள். கூட்டுக் கலந்தாய்வு என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். கலந்தாய்வு என்றதும் எங்கள் செட்டுக்கு 2006-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் சீட் குறைவதைப் பார்த்து வயிற்றைப் பிசைந்ததுதான் ஞாபகம் வரும். இது அது அல்ல.

படிப்பு முடித்து கோயம்புத்தூரில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, கம்பெனி அனுப்பி அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக்குக் குடும்பத்தோடு போனேன். 2022-ல் என் மகன் அங்கே ஒரு அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒருநாள் வகுப்பு டீச்சரிடமிருந்து கடிதம். எழுதச் சொன்னால் பையன் ஆரம்பிப்பதே இல்லை, எழுந்து சுற்றுகிறான், பக்கத்துப் பிள்ளைகளின் பென்சிலை எடுக்கிறான் என்று. எனக்குத் தூக்கம் போயிற்று. இன்டர்நெட்டில் ஒரு ராத்திரி முழுக்கப் படித்து, பையனுக்கு என்ன நோய் என்று நானே முடிவும் கட்டிவிட்டேன். மறுநாள் பள்ளி உளவியலாளரைப் பார்த்து, "இவனுக்கு உடனே டெஸ்ட் எடுங்கள். என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரி செய்து கொடுங்கள்" என்றேன். பம்பை சர்வீஸுக்கு விடுகிற மாதிரி.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "டெஸ்ட் கேட்பது உங்கள் உரிமை. எழுதிக் கொடுத்தால் அதற்கான நடைமுறையை ஆரம்பிப்போம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள், உங்கள் மனைவி, டீச்சர், நான் நாலு பேரும் ஒருமுறை உட்காரலாமா?" என்று கேட்டார். எனக்கு ஏமாற்றம்தான். நிபுணர் என்று வந்தால் இவர் நம்மையே கேள்வி கேட்கப் போகிறாரே என்று நினைத்தேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன்.

பள்ளி உளவியலின் ஆரம்பம் சோதனை அறைதான். 1896-ல் லைட்னர் விட்மர் என்பவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஒரு உளவியல் மருத்துவமனையைத் தொடங்கினார். பள்ளியில் சிரமப்படும் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்தார்கள். 1905-ல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினேயும் தியோடர் சிமோனும், தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய ஒரு சோதனைத் தொகுப்பைச் செய்தார்கள். அதன்பிறகு வெகுகாலம், உளவியலாளர் என்றால் பிள்ளையைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் டெஸ்ட் எடுத்து அறிக்கை எழுதுகிறவர் என்றே ஆகிப்போனது. அறிக்கை பீரோவுக்குப் போகும். பிள்ளை அதே வகுப்புக்கு, அதே டீச்சரிடம், அதே வீட்டுக்குத் திரும்பும்.

இதை மாற்றியது ஒரு நெருக்கடி. ஜெரால்ட் காப்லான் என்று ஒரு மனநல மருத்துவர். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். 1948-ல் இஸ்ரேல் உருவான சமயம், போரில் குடும்பத்தை இழந்தும் நாடு விட்டு நாடு வந்தும் சேர்ந்த பிள்ளைகள் நூற்றுக்கும் மேற்பட்ட விடுதிகளில் இருந்தார்கள். சுமார் 16,000 பேர். அவர்களின் மனநலப் பொறுப்பு காப்லானிடமும் ஒரு சின்னக் குழுவிடமும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் ஜெருசலேத்துக்கு வரவழைத்துப் பார்க்க ஆளும் இல்லை, வண்டி வசதியும் இல்லை. எனவே அவர்களே விடுதி விடுதியாகப் போனார்கள். பிள்ளைகளைப் பார்ப்பதைவிட, அந்தப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருக்கும் ஆசிரியர்களிடமும் காப்பாளர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளையைப் பற்றிக் காப்பாளர் வைத்திருந்த குறுகிய பார்வை விரிந்தால், அவரே வழி கண்டுபிடிப்பதைக் காப்லான் கவனித்தார். அந்த ஒரு பிள்ளை மட்டுமல்ல, அடுத்து வரும் பிள்ளையும் பயன் அடைந்தது.

பிறகு ஹார்வர்டில் பணியாற்றி, 1970-ல் இதை ஒரு நூலாக எழுதினார். ஒரு ஆசிரியர் ஒரு பிள்ளையிடம் திணறுகிறார் என்றால் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார். விஷயம் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் செய்யும் பயிற்சி இல்லாமல் இருக்கலாம். இரண்டும் இருந்தும் தன்னம்பிக்கை குறைந்திருக்கலாம். அல்லது ஏதோ ஒரு சொந்த உணர்ச்சி குறுக்கே வந்து, பிள்ளையை உள்ளபடி பார்க்க முடியாமல் போயிருக்கலாம். இதில் எது என்று தெரியாமல் அறிவுரை சொன்னால், பசிக்கிறவனுக்குப் போர்வை கொடுத்த மாதிரிதான்.

இன்னொன்றையும் வலியுறுத்தினார். ஆலோசனை சொல்கிறவர் அதிகாரி அல்ல. கேட்பவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பள்ளியிலேயே சம்பளம் வாங்கும் உளவியலாளர், யோசனை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள முடியாது, பலனில் அவருக்கும் பங்கு உண்டு. இந்த நிலைக்குக் 'கூட்டுப்பணி' என்ற பெயரைக் காப்லான் 1993-ல் வந்த நூலில் தனியே பிரித்துச் சொன்னார்.

நமக்குப் பிடித்த மாதிரி படிப்படியாக எழுதிக் கொடுத்தவர் ஜான் பெர்கன். 1977-ல் அவர் நான்கு கட்டங்கள் சொன்னார். சிக்கலை அடையாளம் காண்பது, அதை அலசுவது, திட்டத்தை நடத்துவது, பலனை அளப்பது. 1986-ல் லோர்னா ஐடல் முதலானோர், வகுப்பாசிரியரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் சமமாக அமர்வதைப் பற்றி நூல் எழுதினார்கள். 1990-களில் சூசன் ஷெரிடனும் அவரோடு சேர்ந்தவர்களும், பெற்றோரையும் அதே மேஜையில், ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார வைக்கும் முறையை வளர்த்தார்கள். நான் போய் உட்கார்ந்தது அந்த மேஜையில்தான்.

சரி, என் கதை.

முதல் கூட்டத்தில் நான், "பையனுக்குக் கான்சன்ட்ரேஷன் இல்லை" என்றேன். டீச்சர், "ஒத்துழைப்பு இல்லை" என்றார். உளவியலாளர் சொன்னார்: "இவை இரண்டும் நீங்கள் எடுத்த முடிவுகள். கண்ணால் பார்த்தது என்ன?" யோசித்தால், நாங்கள் சரியாகப் பார்க்கவே இல்லை. அதனால் ஒரு வாரம் எண்ணச் சொன்னார். "ஆரம்பிக்கலாம்" என்று டீச்சர் சொன்ன இரண்டு நிமிடத்துக்குள் பென்சில் தாளில் பட்டதா, இல்லையா? டீச்சருக்கு இது மட்டும்தான் வேலை. வீட்டில், ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பையன் எத்தனை தடவை என் முகத்தைப் பார்க்கிறான்? இது எனக்கு.

வார முடிவில் பார்த்தோம். எழுத்து வேலை 12 தடவை வந்தது. மூன்று தடவைதான் ஆரம்பித்திருக்கிறான். கணக்கு என்றால் ஒவ்வொரு தடவையும் உடனே ஆரம்பித்திருக்கிறான். அப்படியானால் கான்சன்ட்ரேஷன் இல்லை என்ற என் தீர்ப்பு எங்கே நிற்கிறது? வீட்டில் ஒரு பக்கத்துக்கு 14 தடவை என் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

அந்த அம்மாள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "இந்த எண்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று மட்டும் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். என் மனைவிதான் பதில் சொன்னாள். "இவர் பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ரப்பர் போடுவார். இவர் பார்த்து சரின்னு சொன்னாதான் அவன் அடுத்த எழுத்துக்கே போவான்."

நண்பர்களே, என் கையில் ரப்பர் இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது. நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தேன். என் அப்பா எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருவர் சரி சொல்ல வேண்டும் என்று பழகிய பிள்ளை, 24 பேர் இருக்கும் வகுப்பில் யார் முகத்தைப் பார்ப்பான்? எழுந்து சுற்றத்தான் செய்வான். காப்லான் சொன்ன நாலாவது காரணம் எனக்கே பொருந்தியது. எந்த டெஸ்ட் அறிக்கையிலும் இந்த ரப்பர் வந்திருக்காது.

திட்டம் போடும்போது இன்ஜினியர் புத்தி சும்மா இருக்குமா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டு, கலர் கலராக ஒரு எக்செல் ஷீட் தயாரித்துக் கொண்டு போனேன். டீச்சர் பார்த்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: "எனக்கு இன்னும் 23 பிள்ளைகள் இருக்கிறார்கள். இது என்னால் முடியாது." உளவியலாளர் எனக்காக வாதாடவில்லை. "உங்கள் வகுப்பில் எது முடியும்?" என்று டீச்சரிடம் கேட்டார். வழி டீச்சரிடமிருந்தே வந்தது. தாளை மூன்றாக மடிப்பது. முதல் மடிப்பு முடிந்ததும் பையனே ஒரு டிக் போட்டுக்கொள்வது. மூன்றும் முடிந்த பிறகுதான் எழுத்துப்பிழை திருத்துவது. வீட்டில் பத்து நிமிடம் ரப்பரே கிடையாது. தப்பு என்றால் ஒரு கோடு போட்டு மேலே போக வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் வேலையைப் பார்க்க வேண்டும்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வீட்டில் அழுகை வேறு. "இது தேறாது" என்றேன். உளவியலாளர் கேட்டார்: "திட்டம் தேறவில்லையா, இல்லை திட்டம் நடக்கவே இல்லையா?" கணக்குப் பார்த்தால், ஐந்து நாளில் இரண்டு நாள்தான் நான் சொன்னபடி செய்திருந்தேன். மற்ற நாள் ஆபீஸிலிருந்து களைத்து வந்து பழையபடி ரப்பரை எடுத்துவிட்டேன். மருந்தைச் சாப்பிடாமல் மருந்து கேட்கவில்லை என்று டாக்டரைக் குறை சொல்வது போலத்தான் இது. நாம் தொழிற்சாலையில், வடிவமைப்பில் சொன்னபடி பொருத்தியிருக்கிறதா என்று பார்க்காமல் வடிவமைப்பைக் குறை சொல்லுவோமா?

ஆறு வாரம் கழித்து 12-க்கு 10 தடவை ஆரம்பித்தான். எழுந்து சுற்றுவது தானாகக் குறைந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுத்துப்பிழைக்கு அடுத்த வருடம் சின்னக் குழுவில் தனிப் பயிற்சி தேவைப்பட்டது. கையெழுத்து இன்றும் கோழி கிளறியதுதான். ஆனால் அவனே ஆரம்பிக்கிறான், அவனே முடிக்கிறான்.

இந்த முறைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வாசிப்புக் குறைபாடு, ஆட்டிசம் போன்ற சந்தேகம் இருந்தால் முறையான பரிசோதனை வேண்டும். உட்கார்ந்து பேசுகிறோம் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே செயல்பட வேண்டும். ஆள் பலமும் வேண்டும். அமெரிக்கப் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் 500 மாணவருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. அங்கேயே பல இடங்களில் அந்த அளவு எட்டவில்லை. ஆனால் இதன் சாரம் எண்ணிக்கையில் இல்லை. பிள்ளையோடு தினமும் இருப்பவர்கள் ஒன்றாக உட்காருவதும், தீர்ப்புச் சொல்லாமல் பார்ப்பதும், அவரவரால் முடிந்ததை அவரவர் வாயால் சொல்ல வைப்பதும்தான் சாரம்.

நம் ஊரில் இதற்குத் தடை ஒன்று உண்டு. நாம் அதை மரியாதை என்று நினைக்கிறோம். "எல்லாம் நீங்க பாத்துக்கங்க சார், நாலு சாத்து சாத்தி படிக்க வைங்க" என்று வாத்தியார் கையில் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு அப்பா கும்பிட்டு நிற்பார். வாத்தியாரோ "வீட்டுல சரியா கவனிக்கறதில்ல" என்பார். இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேரிடமும் பாதிப் பாதித் தகவல் இருக்கிறது. அது சேரவே இல்லை.

இதை நான் இங்கே வந்து ஏன் சொல்கிறேன்? எங்கள் செட்டில் என் ஹாஸ்டல் அறைத்தோழன் ஒருவன் இருந்தான். பேர் வேண்டாம், என் செட்டுக்காரர்களுக்குத் தெரியும். தமிழ் மீடியத்தில் படித்து, கிராமத்திலிருந்து வந்தவன். அப்பா நெசவாளி. எனக்குத் தெர்மோடைனமிக்ஸ் புரியவில்லை என்றால் ராத்திரி தமிழில் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். நாலு செமஸ்டரில் ஏழு அரியர். லெக்சரர் கூப்பிட்டுக் கண்டித்தார். வார்டன் வீட்டுக்குக் கடிதம் போட்டார். அப்பா தறியை நிறுத்திவிட்டு, ஒரு நாள் கூலியை விட்டு பஸ் ஏறி வந்து, வராந்தாவில் நின்று அழுதார். நான் "ஒழுங்காப் படிடா" என்றேன். 2008-ல் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான்.

என் மகன் விஷயம் முடிந்த பிறகு அவனுக்குப் போன் செய்தேன். நன்றாக இருக்கிறான், சொந்தமாக மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கிறான். "அப்ப என்னடா ஆச்சு?" என்று முதல் தடவையாகக் கேட்டேன். அவன் சொன்னது: "எனக்கு விடை எல்லாம் தெரியும்டா. இங்கிலீஷ்ல வாக்கியம் அமைக்க நேரம் ஆகும். மூணு மணி நேரத்துல பாதி பேப்பர்தான் முடியும். எழுதின பாதி சரியாத்தான் இருக்கும். எல்லாரும் படி படின்னாங்க. எங்க நிக்குதுன்னு யாரும் கேக்கல."

லெக்சரருக்கு அவன் விடைத்தாள் பாதி காலியாக இருப்பது தெரியும். எனக்கு அவனுக்குப் பாடம் புரியும் என்பது தெரியும். அவன் அப்பாவுக்கு அவன் எட்டு வயதில் தறி மோட்டாரைக் கழற்றி மாட்டியது தெரியும். மூன்று பேரும் ஒருநாள் ஒரு மேஜையில் உட்கார்ந்திருந்தால், அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அவனுக்குத் தேவைப்பட்டது வாரம் இரண்டு நாள் கடிகாரம் வைத்து எழுதும் பயிற்சி. நானே அதைச் செய்திருக்கலாம். நான்கு கட்டில் உள்ள அதே அறையில்தான் இருந்தேன்.

அதனால் சங்கத்துக்கும் கல்லூரிக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது இருபது மாணவருக்கு ஒரு டியூட்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். ஒரு மாணவனுக்கு இரண்டாவது அரியர் விழுந்ததும், அவன் சம்மதத்தோடு, ஒரு வாரத்துக்குள் ஒரு மேஜை போடுங்கள். டியூட்டர், பாடம் எடுக்கும் ஆசிரியர், வீட்டிலிருந்து ஒருவர், அவன் நம்பும் ஒரு நண்பன். முக்கியமாக அந்த மாணவனே. அங்கே அறிவுரை வேண்டாம். நாலு கேள்வி போதும். எங்கே நிற்கிறது? நாம் கண்ணால் பார்த்தது என்ன? ஒவ்வொருவராலும் இந்த வாரம் செய்ய முடிந்தது என்ன? சொன்னபடி செய்தோமா? ஒரு மாதம் கழித்து மறுபடி உட்கார வேண்டும். அது கட்டாயம்.

வெளியூரிலிருந்து வரும் பெற்றோருக்குப் பஸ் செலவும், அவர்கள் விடும் ஒரு நாள் கூலியும் சங்கத்தின் நிதியிலிருந்து கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் வருடச் செலவை எங்கள் 2010 செட் ஏற்றுக்கொள்ளும் என்று நண்பர்களைக் கேட்டுத்தான் இங்கே சொல்கிறேன். பணத்தைவிட, அந்த அப்பாவுக்கு வராந்தாவில் நிற்கவிடாமல் ஒரு நாற்காலி போடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அறையில் ஒருத்தன் பின்தங்கினால் "ஒழுங்காப் படிடா" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எங்கடா நிக்குது?" என்று கேளுங்கள். எனக்கு அதைக் கேட்கப் பதினைந்து வருடம் ஆயிற்று.